வெறுப்பும் வைராக்கியமும்

பெங்களூரில் கீதை வகுப்பு ஒன்று முடிந்ததும், மென்பொருள் துறையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் கேட்டார்: “சுவாமி, அலுவலகம், வீடு, உறவு எல்லாவற்றின் மீதும் வெறுப்பு வந்துவிட்டது. இதுதான் வைராக்கியமா?”

இக்குழப்பத்தில் மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. ஜுகுப்ஸை, துவேஷம், வைராக்கியம் ஆகிய மூன்றையும் பல வேளைகளில் ‘வெறுப்பு’ என்ற ஒரே சொல்லால் தமிழாக்கிவிடுகிறோம்.

ஜுகுப்ஸை என்பது அருவருப்பு. அழுகியதைக் கண்டதும் உடல் கூசுகிறது. அது அகன்றதும் பெரும்பாலும் கூச்சமும் அகன்றுவிடுகிறது. துவேஷம் அத்தகையதன்று. பதஞ்சலி முனிவர் ஐந்து கிலேசங்களுள் ஒன்றாக அதனை வைக்கிறார். பட்ட துன்பத்தைப் பற்றிக்கொண்டு மனத்தில் படிந்து நிற்பதே துவேஷம் என்பது அவர் கருத்து. துன்பம் தந்தது நீங்கிய பின்னும் அந்தப் படிவு நீங்குவதில்லை.

நம் பழந்தமிழிலும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பிய உரியியல் ‘வெறுப்பு’ என்ற சொல்லுக்குச் செறிவு என்று பொருள் கூறுகிறது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் ‘வெறுக்கை’ என்பது செல்வத்தைக் குறிக்கிறது. பழைய பொருளுக்கும் இன்றைய பொருளுக்கும் உள்ள உறவை மொழிநூலார் ஆராயட்டும். சாதகனுக்கு இது ஒரு நினைவூட்டல்: வெறுப்பும் ஒரு சேமிப்பே. நாள்தோறும் நினைந்து நினைந்து நாம் அதனைச் செறிவாக்குகிறோம்.

வைராக்கியமோ இதற்கு நேர்மாறானது. ராகம் என்ற சொல்லின் வேர் சாயமேறுதலைக் குறிப்பது. அச்சாயம் நீங்கிய நிலையே வைராக்கியம். விருப்பு ஒரு சாயமென்றால் வெறுப்பு மற்றொரு சாயம். ஒன்றைக் கழுவி மற்றொன்றில் துணியைத் தோய்த்தால் அது வெண்மையாகிவிடுமா?

எனவேதான் கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் பக்தனின் இலக்கணத்தைக் கூறத் தொடங்கும்போது, எவ்வுயிரையும் வெறாமையை முதலில் வைக்கிறது. பதினெட்டாம் அத்தியாயமோ, தியாகி தனக்கு உவப்பில்லாத கர்மத்தையும் வெறுப்பதில்லை என்கிறது.

அந்த அன்பரிடம் கூறியது இதுவே: “விட நினைப்பவற்றை ஒருமுறை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். உள்ளம் கொதித்தால் அது துவேஷம். சோர்ந்தால் அது களைப்பு. களைப்புக்கு மருந்து ஓய்வு, துறவு அன்று. உள்ளம் அமைதியாக இருந்து, அவற்றின்பால் அன்பும் குறையாதிருந்தால், அப்போது வைராக்கியத்தைப் பற்றிப் பேசுவோம்.”

இச்சோதனை நம் அனைவருக்கும் உரியது.