கரிசற் பூமியில் மழைநீரை வழிப்படுத்தும் முறை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் தாலுகாக்களில் பரந்து கிடக்கும் கரிசற்காடு பெரும்பாலும் மானாவாரிப் பூமியாகும். இங்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 70 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்திலேயே, அதுவும் சில நாட்களிலேயே, பெய்துவிடுகின்றது. ஆகவே ஒரே சாகுபடிக் காலத்தில் வெள்ளத்தையும் வறட்சியையும் காண்பது இப்பக்கத்துக் குடியானவர்களுக்குப் புதிதன்று. கார்த்திகையில் நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடிய நீரில் ஒரு பங்கேனும், தை மாதத்தில் பருத்தி வாடும்பொழுது கிடைப்பதில்லை.

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் பெய்த மழை அனைவருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கோவில்பட்டியிலும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பெய்தது. அதாவது ஓராண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒரே நாளில் இறங்கிவிட்டது. ஜில்லாவில் பல கண்மாய்கள் உடைந்தன, பயிர்கள் மூழ்கின, மேல்மண் அரித்துச் செல்லப்பட்டது. அத்தகைய மழையை முற்றிலும் தாங்கும்படியான வேலை எதுவும் இல்லை. ஆயினும், நீர் செல்லும் வழி சீராக இருந்தால் சேதம் குறையும் என்பதில் ஐயமில்லை. அவ்வழியைச் சீராக வைப்பது எவ்வாறு, யாருடைய பொறுப்பு என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

கரிசல் மண்ணின் இயல்பு

கரிசல் மண்ணில் களிப்பாகம் அதிகம். கோடையில் அது ஆழமாக வெடிக்கின்றது. முதல் மழையின் நீர் அவ்வெடிப்புகளில் இறங்கிவிடுவதால் ஓட்டம் குறைவு. மண் நனைந்து உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் நீர் மெதுவாகவே உள்ளே இறங்கும். மிகுதி மேலாக ஓடும். பருவத்தின் பிற்பகுதியில் பெய்யும் மழை முன்மழையைவிட அதிகச் சேதம் விளைவிப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

ஓர் ஏக்கரில் ஓரங்குல மழை பெய்தால் அந்நீர் சுமார் 1 லட்சம் லிட்டர் ஆகும். அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிப்போவதாக வைத்துக்கொண்டாலும், 300 ஏக்கர் பரப்பின் நீரை வாங்கும் ஓர் ஓடைக்கு அந்த ஒரு மழையினாலேயே 1 கோடி லிட்டர் வந்து சேரும். அந்த ஓடை சீமைக் கருவேல் அடைத்தும், இருபுறமும் உழுது குறுக்கப்பட்டும் இருந்தால் நீர் புன்செய்களின் வழியே புது வழி தேடிக்கொள்ளும்.

புன்செயில் செய்ய வேண்டியவை

வெள்ளம் புன்செயின் மேட்டு மூலையிலேயே தொடங்குகின்றது. ஆகையால் முதல் வேலையும் அங்கேயே தொடங்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுவதும் விதைப்பதும் செலவில்லாத வேலைகள். ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வரப்பாக நின்று நீரின் வேகத்தைத் தணிக்கும். நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாக வரப்பிட்டுப் பெய்த நீரைப் பெய்த இடத்திலேயே நிறுத்துவது மானாவாரிக் கரிசலுக்குச் சிபார்சு செய்யப்படும் முறை. கோவில்பட்டியில் 1901-ம் ஆண்டு ஏற்பட்டு, இப்பொழுது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்துள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய ஈரப்பாதுகாப்பு முறைகளைப் பற்றி விசாரித்து அறியலாம்.

பெருவரப்பு அமைப்பதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வரப்பைச் சமமட்டமாகப் போட்டு நீரை அடைத்து வைத்தல் செம்மண்ணுக்குப் பொருந்தும். ஆழமான கரிசலுக்குப் பொருந்தாது. நீர் தேங்கினால் பயிரின் வேர் அழுகும். கோடையில் வரப்பே வெடித்து, அடுத்த மழையில் அவ்வெடிப்பின் வழியே உடைப்பெடுக்கும். ஆகவே கரிசலில் வரப்புக்கு 100 அடிக்கு 3 அல்லது 4 அங்குலம் வாட்டம் கொடுத்து, மிகுதி நீர் மெதுவாக ஒரு பக்கம் வடியும்படி செய்ய வேண்டும். வடியும் இடத்தில் கல் பரப்ப வேண்டும். வரப்பின்மேல் கொழுக்கட்டைப்புல் வளர்த்தால் மண்ணைப் பிடிப்பதோடு மாட்டுக்கும் தீவனமாகும். தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி வடிநீரைச் சேர்த்தால், பயிர் வாடும் காலத்தில் ஓர் உயிர்த்தண்ணீர் பாய்ச்ச உதவும்.

ஓடையும் கண்மாயும்

கரிசற் பக்கத்துக் கண்மாய்கள் பலவும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேற்கண்மாயின் மறுகால் நீரே கீழ்க்கண்மாயின் வரத்து. மேலே ஒரு கரை உடைந்தால், தேங்கிய நீர் முழுவதும் ஒரே வேகத்தில் கீழே பாய்ந்து அடுத்த கரையையும் உடைக்கக்கூடும். ஒரு கிராமத்தின் அசட்டை அடுத்த கிராமத்தின் நஷ்டமாக முடிவது இவ்வாறே.

கண்மாய்க்கு உயிர்நிலை மறுகால். அதிக நீர் நிறுத்தும் ஆசையால் ஆயக்கட்டுதாரர் சிலர் மறுகாலின்மேல் கல்லும் மணல் மூட்டையும் அடுக்குவதுண்டு. நீர்ப்பிடிப்புக்குள் பயிரிட்டோர் சிலர் தம் பயிர் மூழ்காதிருக்கக் கரையை இரவில் வெட்டிவிடுவதும் உண்டு. இரண்டும் ஊருக்குக் கேடானவை. மறுகாலின் உயரத்தை ஊரார் தம் இஷ்டப்படி மாற்றலாகாது. மாற்றம் தேவையானால் உரிய இலாகா அதிகாரிகள் மட்டம் பார்த்தே செய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் கரையின் வெளிப்புறத்தைத் தினமும் சுற்றிப் பார்க்க வேண்டும். கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்து வந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரையின் உள்ளே மண் கரைகின்றது என்று அறிந்து, தாமதமின்றி அதிகாரிகளுக்கு அறிவித்து, தாழ்விடத்தில் குடியிருப்போரை அப்புறப்படுத்த வேண்டும். நண்டு வளைகளும் எலி வளைகளும், வெட்டிய மரங்களின் மக்கிய வேர்களும் இத்தகைய கசிவுக்கு வழியாகும்.

பொறுப்பு யாருடையது?

முற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரால் ஊராரே வாய்க்கால்களையும் கரைகளையும் பார்த்துவந்தனர். 1858-ம் ஆண்டுச் சென்னைச் சட்டம் அவ்வழக்கத்துக்குச் சட்டபலம் அளித்தது. பின்னர் இவ்வேலை நாளடைவில் சர்க்காரிடமே விடப்பட்டு, ஊராரின் ஊக்கம் குன்றியது. 2017-ம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு சில ஆண்டுகள் அதே பெயரில் கண்மாய் மராமத்தை நடத்திற்று.

இப்பொழுதுள்ள ஏற்பாட்டின்படி 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், ஆயக்கட்டுக்குக் குறைந்த கண்மாய்கள் பஞ்சாயத்து யூனியன்களின் நிர்வாகத்தில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை, முன்பு பொதுப்பணி இலாகாவில் இருந்து 2021-ம் ஆண்டு தனியாகப் பிரிக்கப்பட்ட நீர்வள இலாகாவைச் சேர்ந்தவை. ஒரே ஓடையின்மேல் உள்ள இரண்டு கண்மாய்கள் இருவேறு நிர்வாகத்தில் இருக்கக்கூடும். ஆகையால் மேற்கண்மாயைச் செப்பனிடுங்கால் கீழ்க்கண்மாயின் மறுகாலையும் கவனிக்கும்படி இரு தரப்பாரையும் கலந்து பேசச் செய்தல் பஞ்சாயத்துத் தலைவரின் கடமையாகும்.

ஓடைப் புறம்போக்கின் அகலம் புல வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளது. கிராம நிர்வாக அலுவலர் ஆண்டுதோறும் அவ்வரைபடத்துடன் ஓடையை நேரில் நடந்து பார்த்தால், ஆக்கிரமிப்பு ஒரு சால் அளவில் இருக்கும்பொழுதே தெரிந்துவிடும். பல சால் ஆனபின் வழக்காக முளைக்கும்.

வேலைக்கு உரிய காலம்

சித்திரை முதல் ஆனி வரை கண்மாயில் நீர் இல்லாத காலத்தில் வண்டலும் கரம்பையும் எடுத்து, அனுமதி பெற்று நிலத்துக்கு அடிக்கலாம். ஆடியில் வரத்துக்கால்களையும் ஓடைகளையும் வெட்டித் துப்புரவு செய்ய வேண்டும். ஆவணியில் மடை, மறுகால், கரை ஆகியவற்றைச் செப்பனிட வேண்டும். புரட்டாசி விதைப்புக்குமுன் புன்செய் வரப்புகள் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி பிறந்தபின் மண்வெட்டி எடுப்பது, நெருப்புப் பிடித்தபின் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும்.

மழையின் அளவு மனிதன் கையில் இல்லை; அது செல்லும் வழி அவன் கையில் உள்ளது. புன்செய்க்காரர் தம் வரப்பையும், ஊரார் தம் ஓடையையும், அதிகாரிகள் மறுகாலையும் உரிய காலத்தில் கவனித்துவந்தால், கார்த்திகையில் அழிக்கும் நீரில் ஒரு பங்கு தை மாதத்துப் பயிரைக் காக்கும் நீராகும்.