தாயை வார்டுக்கு வெளியே நிறுத்தலாமா?

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவர் பதில்

கேள்வி: எங்களுக்குச் செண்பகத்தோப்பு. வீட்டுக்காரர் மலையடிவாரத்து மாந்தோப்பில் காவல் வேலை பார்க்கிறார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், மூன்று வயது மகனுக்குக் காய்ச்சலும் இளைப்பும் வந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவனுக்குப் பாசிட்டிவ், எனக்கு நெகட்டிவ். அதனால் என்னை உள்ளே விடவில்லை. பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பிவிட்டான். ஆனால் இன்றைக்கும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறான். தடுப்பூசிக்குக்கூடக் கூட்டிப்போக முடியவில்லை. அன்றைக்கு அழுது அடம்பிடித்தாவது அவன் கூட இருந்திருக்க வேண்டுமோ என்று மனசு அறுக்கிறது. இனி இப்படி ஒரு தொற்று வந்தால், 'நான் என் பிள்ளையோடு இருப்பேன்' என்று கேட்கலாமா?

– ஒரு தாய், செண்பகத்தோப்பு

பதில்: கேளுங்கள் அம்மா, தயங்காமல் கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் கட்டிலோரம் இருக்கும் தாய், நோயாளியைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர் இல்லை. அவர் அங்கே இருப்பதே வைத்தியத்தில் பாதி. அன்றைக்கு நீங்கள் வெளியே நின்றதில் உங்கள் தவறு துளியும் இல்லை. கவச உடை போதவில்லை, படுக்கை போதவில்லை, நெகட்டிவ் ஆனவரை உள்ளே விட்டால் அவருக்கும் தொற்றிவிடும் என்ற பயம் வேறு. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் தாயைப் பிரிந்த குழந்தை என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

மருத்துவ உலகத்துக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. இங்கிலாந்தில் ஒரு காலத்தில், ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளையைப் பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டும்தான் பார்க்க முடியும். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஆபரேஷனுக்காகச் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி எட்டு நாளில் எப்படி ஒடுங்கிப்போகிறாள் என்பதைப் படம்பிடித்து 1952-ல் டாக்டர்களுக்குப் போட்டுக் காட்டினார். குழந்தை முதலில் அழும், பிறகு அடங்கிவிடும். 'பழகிவிட்டது' என்று நர்சுகள் நிம்மதி அடைவார்கள். அது பழக்கம் இல்லை, அம்மா வரமாட்டாள் என்று குழந்தை நம்பிக்கை இழந்துவிட்டது என்றார் ராபர்ட்சன். பல டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் 1959-ல் அந்த நாட்டு அரசு அமைத்த பிளாட் கமிட்டி, பெற்றோரை எந்நேரமும் அனுமதிக்க வேண்டும், சிறு குழந்தைகளோடு தாய் தங்க வசதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் தாய் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்வது என்றைக்கும் உள்ள வழக்கம். கொரோனா வந்துதான் அதைக் கலைத்தது.

பாசத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மூச்சுத்திணறும் குழந்தை அழ அழ அதன் உடம்பு கேட்கும் ஆக்சிஜன் கூடும். மூக்கில் வைத்த குழாயைப் பிடுங்கி எறியும், மருந்தைத் துப்பும், கஞ்சி குடிக்காது. மடியில் உட்கார்ந்தால் இத்தனையும் குறையும். ராத்திரியில் மூச்சு மாறினால் மானிட்டர் சொல்வதற்கு முன்பே தாய் சொல்லிவிடுவதை வார்டில் வேலை பார்த்த எவரும் அறிவார்கள்.

தொற்று நோயில் இதெல்லாம் முடியுமா என்று கேட்கலாம். எபோலா, தொற்றியவர்களில் கொரோனாவைவிடப் பல மடங்கு பேரைக் கொல்லும் நோய். காங்கோவில் 2018 முதல் 2020 வரை அது பரவியபோது, நோயிலிருந்து பிழைத்து எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களையே கூப்பிட்டுக் குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளச் செய்தார்கள். 2015-ல் லைபீரியாவில், கவச உடைக்குள் முகமே தெரியாத நர்சுகளின் நெஞ்சில், சிரித்த முகமாக இருக்கும் அவர்களுடைய போட்டோவையே ஒட்டினார்கள். அங்கே முடிந்தது விருதுநகர் மாவட்டத்தில் முடியாதா?

ஆஸ்பத்திரிக்கும் ஒரு நியாயம் உண்டு. கூட இருக்கப்போகிறவர் ஒரே ஆளாக, சர்க்கரை, இருதய நோய் இல்லாதவராக, தடுப்பூசி போட்டவராக இருக்க வேண்டும். பாட்டியை அனுப்பாதீர்கள். உள்ளே போனால் டீ குடிக்க, சாப்பாடு வாங்க என்று வெளியே வந்து போகக் கூடாது, மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. இதையெல்லாம் நீங்களே முதலில் சொல்லிவிட்டு, "எழுதிக் கொடுக்கிறேன், என்னை விடுங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் அதுவரை ஒரே வீட்டில் அவனைத் தூக்கிச் சுமந்தவர் என்பதையும் நினைவுபடுத்துங்கள். பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால் பேச்சே வேண்டாம்: தாய் மாஸ்க் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 வயது வரை குழந்தைக்கு மாஸ்க் தேவையில்லை என்று மத்திய அரசின் 2021 ஜூன் வழிகாட்டுதலே சொன்னது.

இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். 'ஊசி போட மாட்டாங்க' என்று ஏமாற்றி எங்கேயும் கூட்டிப்போகாதீர்கள். 'சுருக்குன்னு வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதில் ஒரு சுருள் வாங்கிக் கொடுத்து, உங்கள் கையில் கட்டுப்போடச் சொல்லுங்கள். அவன் டாக்டர், நீங்கள் நோயாளி. மறுபடி மறுபடி ஆடட்டும். அந்த ஆட்டத்தில் அன்றைக்கு நடந்ததை அவனே சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அழுதால் அழட்டும். 'நான் வாசலிலேயேதான் இருந்தேன், உள்ளே விடலை' என்று அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் இன்றைக்கே சொல்லுங்கள். அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் அந்த வயதில் புரிந்திருக்கும். தூக்கத்தில் அலறுவது, படுக்கையில் சிறுநீர் போவது, பள்ளிக்கூடம் போக மறுப்பது இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கேள்வி: பேரன், பேத்தி இருவரும் எங்களோடு இருக்கிறார்கள். கொரோனா போன்ற காய்ச்சல் காலத்தில் எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

– ஒரு தாத்தா, ராஜபாளையம்

பதில்: காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைவிட மூச்சைப் பாருங்கள் ஐயா. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அதற்கு மேல் 30 என்ற அளவைத் தொட்டாலோ, விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு படுத்தாலோ கிளம்பிவிடுங்கள். ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினாலும் அப்படியே. ஆனால் பெரியவர்கள் விரலில் மாட்டும் கருவி சின்ன விரலில் தப்பாகக் காட்டலாம். அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கொரோனா வந்துபோய் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி வந்தாலும் காத்திருக்கக் கூடாது. இருதயத்தைப் பாதிக்கக்கூடிய அழற்சி அது. எக்கோ எடுத்துப் பார்த்து ஊசி மருந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு விருதுநகருக்கோ மதுரைக்கோ அனுப்பினால் தட்டாமல் போங்கள். 108 வண்டியில் குழந்தையோடு ஏறப்போவது அப்பாவா அம்மாவா என்பதை மட்டும் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.