முதியோர் சங்கத்தை முறையாக முடித்தல்

ஊரில் ஒரு சங்கம் தோன்றும்போது பந்தலும் மாலையும் உண்டு. அது மறையும்போது பூட்டிய கதவும் கறையான் அரித்த கணக்கேடுமே பெரும்பாலும் எஞ்சுகின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களைச் சேர்ந்த ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயிகளும் தத்தம் ஊர் முதியோர் சங்கத்தை மனத்திற்கொண்டு இப்பாடத்தைப் படிப்பார்களாக.

இத்தகைய சங்கம் நலிவதற்குக் காரணம் யாது? பிள்ளைகள் பஞ்சாலைக்கும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி நெசவுக்கும், வெளியூர்களுக்கும் சென்றுவிட, முதியோர் தமக்குள் சந்தா வைத்துக்கொண்டு ஈமச் செலவுக்கு உதவுகின்றனர். அறுபதை எட்டிய புதியவர் சேராவிடில் அங்கத்தினர் தொகை ஆண்டுதோறும் தானே குறையும். இறப்பு ஒன்றுக்கு ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் இருந்தால் 2,000 ரூபாய் சேரும். முப்பது பேரே எஞ்சினால் 600 ரூபாய்தான் சேரும். நெடுங்காலம் செலுத்தியவருக்கே குறைந்த தொகை கிடைக்கிறது. எவருடைய நேர்மைக் குறைவும் இன்றியே இது நேரக்கூடும்.

ஆகவே, கையிருப்பு முற்றும் கரையும் முன்னரே முடிவு செய்தல் நலம். புதியவரைச் சேர்த்தல், பக்கத்து ஊர்ச் சங்கத்துடன் இணைதல் ஆகிய இரண்டையும் முதலில் ஆராய்க. இரண்டும் இயலாவிடில் முறைப்படி கலைப்பதே தக்கது.

பதிவு பெற்ற சங்கங்களுக்கு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். பால் உற்பத்தியாளர் சங்கம் போன்றவை 1983-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றின் வழி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

கலைப்பதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அந்நோக்கத்தைக் குறிப்பிட்டு 21 நாள்களுக்குக் குறையாமல் அறிவிப்புத் தரவேண்டும். கூட்டத்துக்கு வந்து வாக்களிக்கும் உரிமையுள்ளோரில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் இசைய வேண்டும். நடக்க இயலாதோர், எழுத்தறியாதோர் ஆகியோர் வீட்டுக்கே சென்று அறிவிப்பைப் படித்துக் காட்டுதல் நிர்வாகிகளின் கடமையாகும்.

அடுத்துக் கணக்கு. வரவேண்டிய பாக்கியை வசூலித்து, வாடகை, மின்கட்டணம், கூலி ஆகியவற்றைத் தீர்க்க வேண்டும். கலைக்கும் முன் இறந்தவர்க்கு விதிப்படி சேரவேண்டிய ஈமத் தொகையும் கடனே, அதனை விட்டுவிடலாகாது. ஊராட்சி இடம் அளித்திருந்தால் அதனை ஊராட்சியிடம் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும்.

கடன் தீர்ந்தபின் எஞ்சும் பணத்தைப் பற்றியே ஊர்களில் சச்சரவு எழுகிறது. "நாம் போட்ட பணம், நாமே பங்கிடுவோம்" என்பது இயல்பான எண்ணந்தான். ஆயினும் இலாப நோக்கற்ற சங்கத்தின் உபரியை அங்கத்தினர் பங்கிட்டுக்கொள்ளலாகாது. ஒத்த நோக்கமுடைய வேறு சங்கத்துக்கே அதனை அளிக்க வேண்டும். எச்சங்கத்துக்கு என்பதைக் கூட்டத்திலேயே பேசித் தீர்மானித்தால் பிணக்கு நேராது. பின்னர்த் தீர்மான நகலையும் இறுதிக் கணக்கையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, வங்கிக் கணக்கை முடித்து, ஏடுகளைப் பொறுப்பானவரிடம் வைக்க வேண்டும்.

பணத்தினும் பெரிதொன்று உண்டு. இரு நாள் தென்படாத கிழவியைத் தேடிச் சென்றதும், ஓய்வூதிய மனு எழுதித் தந்ததும் அச்சங்கமே. கலைக்கும் நாளில் அங்கத்தினர் பெயர்ப்பட்டியல் ஒன்று தயாரித்து, தனித்து வாழ்வோர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைவரை நியமிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் தொடங்கியது. 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியிருந்தும் பெறாதோரைப் பட்டியலில் குறித்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு அனுப்புக. பிள்ளைகளால் கைவிடப்பட்டோர் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் பராமரிப்புக் கோரலாம். முதியோர் உதவி எண் 14567 என்பதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள் காந்தியடிகள் பிறந்த நாளில் கிராம சபை கூடுகிறது. அச்சபையில் இப்பட்டியலைப் படித்து, பொறுப்பேற்றவர் பெயரையும் பதிவு செய்யுமாறு ஊராட்சி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சங்கம் முடியலாம், அது பார்த்துவந்த மக்கள் பார்ப்பாரின்றிப் போகலாகாது.