கடைப் பரணைத் தாங்கும் இரும்பு

பருப்பில் கல் இருக்கிறதா, மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று கையில் அள்ளியதுமே சொல்லிவிடுவீர்கள். ஆனால் அந்தச் சரக்கையெல்லாம் தாங்கும் பரணும் ரேக்கும் என்ன இரும்பு என்று கேட்டால், பலர் பட்டறைக்காரரைக் கைகாட்டுவீர்கள். நாற்பது ஆண்டுகளாக இரும்பு மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறேன்.

எல்லா இரும்பும் ஒன்றல்ல

நம் எடைக்கல் வார்ப்பிரும்பு. அதில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அமுக்கினால் தாங்கும், ஓங்கிப் போட்டால் உடையும். ஆங்கிள், சேனல், பட்டை, தகடு என்று நாம் வாங்குவது எம்.எஸ். எனப்படும் மைல்டு ஸ்டீல். இதில் கார்பன் கால் சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் இதை வளைக்கவும் துளையிடவும் சுலபமாக வெல்டிங் செய்யவும் முடிகிறது. சுமை மீறினால் சட்டென்று ஒடியாமல் முதலில் வளையும். அந்த வளைவுதான் அது நமக்குத் தரும் எச்சரிக்கை.

இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2062. பழைய பில்களில் ஐ.எஸ். 226 என்று இருக்கும்; அது பின்னர் இதில் சேர்ந்துவிட்டது. பெருவழக்கான ரகம் இ 250. சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன், அதாவது சுமார் 25 கிலோ வரை இழுத்து விட்டாலும் பழைய அளவுக்குத் திரும்பும். அதற்கு மேல் போனால் நிரந்தரமாக நீண்டுவிடும். அறுந்து போக ஏறக்குறைய 42 கிலோ வேண்டும்.

10 மி.மீ. சதுரக் கம்பியை நேராகத் தொங்கவிட்டால், 50 கிலோ சர்க்கரை மூட்டை ஐம்பது வரை எல்லை. நடைமுறையில் அதில் பாதியோடு நிறுத்துவதே நல்லது. அதே கம்பியைப் படுக்கையாக வைத்துச் சுமை ஏற்றினால் இந்தக் கணக்கு செல்லாது.

நான் செய்த தவறு

சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மளிகைக்காரர் பரண் போட ஆங்கிள் வாங்க வந்தார். முதலில் 50-க்கு 50, கனம் 6 மி.மீ. கேட்டார். விலையைச் சொன்னதும் 40-க்கு 40, கனம் 5 போதும் என்றார். எவ்வளவு சுமை, எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை. எடை போட்டு பில் கொடுத்தேன். ஆறடி இடைவெளியில் நடுவே கால் இல்லாமல் பரண் போட்டார். அது நடுவில் தொய்ந்திருந்ததைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். தீபாவளிச் சரக்கு ஏற்றிய அன்று பரண் இறங்கிவிட்டது. கீழே நின்ற பணியாளுக்குக் கால் முறிந்தது. கடைக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அன்று முதல் கேட்காமல் நான் ஆங்கிள் கொடுப்பதில்லை.

நீளமும் தொய்வும்

ஆங்கிளின் நடுவில் அதே எடையை வைத்து, நீளத்தை மட்டும் 3 அடியிலிருந்து 6 அடியாக்கினால் தொய்வு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. விலை உயர்ந்த ரக எஃகு வாங்கினாலும் இந்தத் தொய்வு குறையாது. எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. நடுவில் ஒரு கால் கொடுப்பதும் ஆங்கிளின் அளவைக் கூட்டுவதும்தான் வழி. உயரமான ரேக்கின் கால்களுக்குக் குறுக்குப் பட்டை அவசியம் வேண்டும்.

எடை பார்த்து வாங்குங்கள்

நமக்குத் தராசு புதிதல்ல. உருட்டுக் கம்பிக்கு விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு சுமார் 890 கிராம். 50-க்கு 50, கனம் 6 ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, 6 மீட்டர் நீளம் 27 கிலோ. கனம் 5 என்றால் 23 கிலோவுக்குச் சற்றுக் குறையும். உருட்டாலையில் சில சதவீதம் கூடக் குறைய வரும். நான்கு கிலோ குறையாது. ஆறு என்று சொல்லி ஐந்தைக் கொடுத்தால், எடைக்கு வாங்கியவருக்கு வலிமையில் நஷ்டம். எண்ணிக்கைக்கு வாங்கியவருக்குப் பணத்திலும் நஷ்டம். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் கனத்தையும் பார்த்து, பில்லில் எழுதி வாங்குங்கள்.

உப்பும் புளியும்

எம்.எஸ். துருப்பிடிக்கும் இரும்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். புளியில் அமிலம் உண்டு. இவற்றை ஆங்கிளின் மேல் நேராக அடுக்காமல் பலகை போட்டு வையுங்கள். கடை கழுவும் தண்ணீர் தேங்கும் கால் அடிதான் முதலில் அரிக்கும். 5 மி.மீ. ஆங்கிளில் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் அரித்தால், ஐந்தில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது என்று பொருள். துருவைச் சுரண்டிவிட்டு, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது பயன் தராது.

இன்றிரவு கடை சாத்துமுன் பரணின் கீழே ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலுக்குக் கீழே இரும்பு இறங்கியிருந்தால், நாளைக் காலை முதல் வேலையாகச் சுமையை இறக்கிவிடுங்கள். அதன் கீழே நிற்பவர் நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்.