வாள்முனையில் ஒரு மின்சுற்று

மாணவர்களே, அழைப்பு மணியின் பொத்தானை அழுத்தினால் மின்சுற்று மூடுகிறது, மணி ஒலிக்கிறது. வாட்போட்டிக்குரிய ‘எப்பே’ வாளின் முனையிலும் இத்தகைய பொத்தான்தான் உள்ளது. 1936 ஒலிம்பிக்கிலேயே இது வந்துவிட்டது. பொத்தானின் அடியிலுள்ள சுருள்வில் 750 கிராம் எடையை உயர்த்த வல்லது. எனவே, ஏறத்தாழ 7.4 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையோடு குத்தினால்தான் சுற்று மூடி விளக்கு எரியும். எதிராளியின் கைக்காப்புக் கிண்ணத்தில் குத்தினால்? அது தரையுடன் இணைக்கப்பட்டிருப்பதால் விளக்கு எரியாது.

ஆனால் சுற்று எந்த இடத்தில் மூடியது என்பதை விளக்கு அறியாது!

1976, மாண்ட்ரியல் ஒலிம்பிக். ‘நவீன பென்டத்லான்’ என்னும் ஐவகைப் போட்டியின் வாட்பிரிவில் ஒரே குத்தில் வெற்றி முடிவாகிவிடும். சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷ்செங்கோ 1972-இல் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். அவருடன் மோதிய பிரிட்டனின் ஜிம் பாக்ஸ் பின்னோக்கிச் சாய்ந்தார், வாள் படவில்லை, விளக்கோ எரிந்தது! முறையீடு எழவே வாளை ஆராய்ந்தனர். கைப்பிடிக்குள் மறைவாக ஒரு சுவிட்சு! விரலால் அழுத்தினால் போதும், குத்து பதிவாகிவிடும். (இத்தனை திறமையுள்ளவருக்கு இது எதற்கோ!) அவர் நீக்கப்பட்டார், குழுத் தங்கம் பிரிட்டனுக்குக் கிடைத்தது.

மின்கலம், பல்பு, பக்க இணைப்பில் இரண்டு சுவிட்சுகள் கொண்டு ஒரு சுற்று அமையுங்கள். நீங்கள் அழுத்தியது எந்தச் சுவிட்சு என்று, பல்பை மட்டும் பார்க்கும் நண்பரால் சொல்ல முடிகிறதா?