கொட்டேஷன் தாளில் ஏறும் மலைச் செலவுகள்

கொடைக்கானலில் புதுக் கார் வாங்குபவர் பெரும்பாலும் கீழே இறங்கித்தான் வாங்குகிறார். திண்டுக்கல், மதுரை, தேனி ஷோரூம்கள்தான் கதி. பூம்பாறை என்றோ வில்பட்டி என்றோ முகவரி சொன்னதும், "மலைக்கா சார்? அப்ப இதெல்லாம் கண்டிப்பா போடணும்" என்று ஒரு பட்டியல் நீளும். அதில் பாதி மலைக்குத் தேவையில்லாதது. மலைக்கு உண்மையிலேயே தேவையான சிலவோ அந்தப் பட்டியலில் இருக்காது.

ஆன்-ரோடு விலை என்று ஒரே தொகையாகச் சொல்வதை வரி வரியாகப் பிரித்து எழுதி வாங்குவது முதல் வேலை. எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. அதன்மேல் ஆயுள்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இது 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இந்தப் படிக்கட்டைக் கவனிக்காதவர்கள் ஏராளம். 9.90 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,28,700. "இருபதாயிரம்தான் கூட" என்று 10.10 லட்ச வேரியண்ட்டுக்குத் தாவினால் வரி 1,81,800. அந்த இருபதாயிரம், வரியில் மட்டும் இன்னொரு 53,100 ரூபாயை இழுத்து வருகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீத டி.சி.எஸ். பிடித்தமும் உண்டு, அது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதைக் கேட்டுப் பெறாதவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் என்ற பெயரில் வருவது அரசுக் கட்டணம் அல்ல. எதற்கான தொகை என்று எழுதித் தரச் சொன்னால் பல இடங்களில் அந்த வரி மெல்ல மறைந்துவிடும். மிதியடி, மட்ஃபிளாப், சீட் கவர் எல்லாம் சேர்ந்த 'எசென்ஷியல் கிட்'டும் வாங்குபவரின் விருப்பம்தான்.

இன்ஷூரன்ஸில்தான் பெரிய வித்தியாசம் ஒளிந்திருக்கும். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பார்கள். கேஷ்லெஸ் கிடைப்பது அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்தது அல்ல. ஒப்பிடும்போது ஐ.டி.வி. எனப்படும் வண்டியின் காப்பீட்டு மதிப்பும் கூடுதல் கவர்களும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐ.டி.வி.யைக் குறைத்துப் பிரீமியத்தை மலிவாகக் காட்டுவது பழைய வித்தை.

மலைவாசிக்கு விட்டுவிடக் கூடாத கவர், வழியில் நின்றால் வரும் உதவி. அதிலும் டோயிங் தூரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். 50 கிலோமீட்டர் வரைதான் இலவசம் என்றிருந்தால், கொடைக்கானலில் கிளம்பிய டோயிங் வண்டி வத்தலக்குண்டைக்கூட எட்டாது. மிச்ச தூரத்துக்குக் கைக்காசு.

இனி அந்த 'மலைப் பட்டியல்'. முன்னால் மாட்டும் புல் பாருக்கு மத்திய அரசு 2017-லேயே தடை போட்டது. கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமுக்கு 2012-லேயே உச்ச நீதிமன்றத் தடை. சன்ரூஃப், கொடைக்கானல் மழைக்கும் மூடுபனிக்கும் ஆண்டில் பாதி நாள் மூடியே கிடக்கும். உண்மையான தேவைகள் வேறு: பின் வைப்பர், பின்கண்ணாடி டிஃபாகர், ஃபாக் லேம்ப், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு. ஊத்து, பெருமாள்மலைப் பக்கம் மாலையில் மஞ்சு இறங்கினால் பின்கண்ணாடி வெள்ளைத் துணி போர்த்தியது போலாகிவிடும். இவை கம்பெனியிலேயே பொருத்தி வரும் வேரியண்ட்டை எடுப்பது, அடிமட்ட வேரியண்ட்டை வாங்கிக் கடையில் மாட்டுவதைவிடச் சிக்கனம். கடையில் ஒயரை வெட்டி விளக்கு இணைத்தால், பிறகு மின்பழுது வரும்போது வாரண்டி கேள்விக்குறியாகும்.

இன்ஜினுக்குக் கொடுக்கும் பணமும் வீண் அல்ல. கொடைக்கானல் இருக்கும் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். டர்போவில் இழப்பு குறைவு. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பழனி மலைச்சாலையில் ஏறிப் பார்த்தவருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

கடனில் கவனிக்க வேண்டியது ஒரு சொல்: 'ஃபிளாட்', அதாவது முழுக் கடனுக்கும் கடைசி வரை வட்டி. 5 லட்சத்தை 7 சதவீத ஃபிளாட் வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை 11,250. குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் இது ஏறக்குறைய 12.5 சதவீதம். வங்கி சொல்லும் 9 சதவீதத்தைவிட ஷோரூம் சொல்லும் 7 மலிவு என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

டெலிவரிக்கு முன் சேஸிஸ் எண்ணை விலைப்பட்டியலோடு ஒப்பிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் பார்க்க வேண்டும். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்த டயர். வண்டி எவ்வளவு காலம் யார்டில் வெயில் காய்ந்தது என்பதற்கு அது ஒரு துப்பு. பாக்கித் தொகையைக் கட்டும் முன் இதைப் பார்த்தால் பேரம் பேச இடம் இருக்கும். கட்டிவிட்டுப் பார்த்தால் இருக்காது.