நெஞ்சு ஏன் படபடக்கிறது?

நம் மாவட்டத்துத் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் வாடிவாசலிலிருந்து காளை சீறிப் பாய்கிறது. தொலைவில் நிற்கும் நமக்கே நெஞ்சு படபடக்கிறது. ஏன்?

நம் சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி போல அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் சுமார் 5 கிராம் எடையே இருக்கும். ஆபத்தை உணர்ந்த மூளை நரம்பு வழியே செய்தி அனுப்புகிறது. உடனே சுரப்பியின் உட்பகுதி அட்ரீனலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையை வெளிவிடுகிறது. தசைகள் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகின்றன.

தோழியரே, தேர்வுக்கூடத்தில் வினாத்தாளைக் கண்டதும் வரும் படபடப்பும் இதுவே. அது கோழைத்தனமன்று, நமக்கு உதவ உடல் எழுந்து நிற்கிறது. மெல்ல மூச்சுவிட்டு, தெரிந்த வினாவுக்கு முதலில் விடை எழுதுவோம்!